ஒரு பாட்டோடு விட்டு வந்தவள்

மே 5, ஞாயிறு

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வாடகை அறையில் தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதான். வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்கள். அம்மா விழித்துக் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மாவுக்குச் சாய ஆலையில் நிறம் பொருத்துகிற வேலை. துணித் துண்டை மூன்று விளக்குகளின் கீழே வைத்துப் பார்த்து, ஒரு சொட்டு மஞ்சள் கூட என்று சொல்வாள். புது இயந்திரம் பழக ஆறு வாரத்துக்குக் கம்பெனி இந்த வெளிநாட்டு ஊருக்கு அனுப்பியிருக்கிறது. அப்பா கப்பலில். எனக்குப் பள்ளி விடுமுறை. மூட்டையோடு மூட்டையாக நானும் வந்து சேர்ந்தேன்.

அம்மா சந்தோஷமாக வந்தது இயந்திரத்துக்காக இல்லை. இங்கே டாங்கோ என்கிற ஜோடி நடனம் ஆடுகிற கூடம் இருக்கிறது, புதனும் ஞாயிறும். ஊரில் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்குப் போகிறாள். அப்பாவிடம் அதற்குப் பேர் யோகா.

இன்று இரண்டாவது தடவை போனோம். நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இங்கே யாரும் வாயால் கூப்பிடுவதில்லை. ஆண் தூரத்திலிருந்து பார்ப்பான், பெண் திரும்பப் பார்த்தால் தலையசைப்பான், அவளும் அசைத்தால் சரி. விருப்பமில்லை என்றால் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கும் மூக்குடைபடாது.

"எவ்வளவு நாகரிகம் பாரு," என்றாள் அம்மா.

நாற்பது பேர் நாலு மணி நேரம் ஒருத்தியை நாகரிகமாகப் பார்க்காமல் இருந்தார்கள். நிற்காத பஸ்ஸை நிறுத்தத்தில் நின்று பார்க்கிற மாதிரி அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லோருடைய செருப்பையும் ஷூவையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புது ஆளுன்னா அப்படித்தான்டி. நாலு தடவ முகம் பழகணும்."

ஆடாமலேயே அம்மாவின் குதிகாலில் கொப்புளம்.

மே 8, புதன்

இன்றும் இல்லை. அம்மா மூன்று தடவை கழிவறைக்குப் போய்வந்தாள். எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தால் அசிங்கமாம்.

மே 10, வெள்ளி

கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே எட்டு அடி இடம். அதில் அம்மா எனக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

"பின்னால போ. கால பாக்காத. என் மூச்ச மட்டும் கேளு."

"மூச்சுல வெங்காயம் அடிக்குதும்மா."

சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "நீயும் ஆடினா நம்மள வேடிக்கை பாக்க வந்தவங்கன்னு நெனக்க மாட்டாங்க. கூடத்த நடத்தற அந்தம்மாகிட்ட கேட்டுட்டேன். சின்னப் பொண்ணுன்னா விதியெல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னாங்க. எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்னு அடிச்சு சொல்லிட்டேன். மானத்த வாங்கிடாத."

எல்லாம் என்றால் எது எல்லாம்? கேட்கவில்லை. சிரித்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

மே 12, ஞாயிறு

வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

வாசலில் மேசை போட்டு, வருகிறவர்கள் மணிக்கட்டில் முத்திரை குத்துகிற அம்மாளுக்கு நான் வைத்த பேர் கதவம்மா. கூடத்தை நடத்துகிறவள் அவள்தான். எங்களுக்கு வழக்கமான நாற்காலிகள் கிடைத்தன. மேலங்கி மாட்டுகிற கம்பிக்குக் கீழே. யாருடைய கோட்டாவது எப்போதும் என் காதில் உரசும்.

எதிர் வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர். ஐம்பத்தைந்து இருக்கும். பள்ளிக்கூடங்களில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர் என்று அம்மா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். அவர் சட்டைப் பையில் இரண்டு பல் மட்டும் உள்ள முள்கரண்டி மாதிரி ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. ஆட வருகிற இடத்துக்கு இவர் ஏன் முள்கரண்டியோடு வருகிறார்? அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை உயர்த்தினால் அவர் என்னைப் பார்க்கிறார். தலையசைத்தார். மரியாதைக்கு நானும் அசைத்தேன். எழுந்து வந்துவிட்டார்!

"போ, போடி," என்று அம்மா முதுகில் தட்டினாள். பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தவளை விட்டுவிட்டு என்னை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

கண்ணாடிப் பலகையைத் தூக்கிப் போகிறவர் மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒருவர் உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. மூன்று தடவை அவர் காலை மிதித்தேன். மூன்று தடவையும் பரவாயில்லை என்றார். பாட்டு முடிந்தது. அம்மாவின் வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டு முடிந்ததும் ஆசிரியர் கை தட்டுவார், நன்றி சொல்லிவிட்டு ஆளை மாற்றிக்கொள்வார்கள். நானும் நன்றி சொன்னேன். வந்துவிட்டேன்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். ஒரு ஜோடிகூட நகரவில்லை. அங்கங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த பாட்டுக்காக. நடுவில் அவர் மட்டும் தனியாக. என் கையைப் பிடித்திருந்த கை இன்னும் கீழே இறங்கவில்லை.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னை.

கழிவறைக்கு ஓடினேன். அழுதேன். மிதித்த வெட்கம், தப்புப் பண்ணின வெட்கம், அம்மா என்ன சொல்வாளோ என்ற பயம்.

கதவம்மா பின்னாலேயே வந்தாள். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டாள். நாலு பாட்டு ஒரு அடுக்கு, நாலும் முடியாமல் இங்கே எந்தப் பெண்ணும் விட்டு வரமாட்டாள், அந்த ஆள் முறைகேடாக நடந்தால் மட்டும்தான் வருவாள் – "கை வைக்கக் கூடாத இடத்துல வச்சாரா?"

புரியவில்லை என்று பிறகு நானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன். கேள்வி எனக்கு நன்றாகப் புரிந்தது.

இல்லை, எனக்கு விதி தெரியாது. இதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரும். சொன்னால் அவள் நேரே அம்மாவிடம் போவாள். எல்லாம் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னாயே என்பாள்.

தலையாட்டினேன். ஆமாம் என்று, ஒரே ஒரு தடவை.

கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மே 13, திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காலையில், அவள் பல் தேய்க்கும்போது. துப்பிவிட்டு ஒரு அறை விட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பாத்துட்டுத்தானே உக்காந்திருந்த? நாலு நாலா ஆடறாங்கன்னு கண்ணுக்குத் தெரியல?"

"நான் ஷூவைப் பாத்துட்டிருந்தேன்."

"ஷூவைப் பாத்தாளாம்! இப்போ நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க போறது?"

அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது நானே கேட்டேன், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று.

"புதன்கிழமை பாத்துக்கலாம்."

மே 15, புதன்

பார்த்துக்கொண்டோம்.

நுழையும்போதே கதவம்மா எழுந்துவந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எங்களைக் கோட்டுக் கம்பியடியிலிருந்து முன் வரிசைக்கு மாற்றினாள். வெள்ளைமுடிக் கிழவி ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டாள். ஒருவர் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அவளைத்தான்.

ஆறு அடுக்கு ஆடினாள். ஆறு பேர். இருபத்து நாலு பாட்டு. நான் எண்ணினேன், இப்போது எண்ணத் தெரிந்துவிட்டதே.

நடுவில் பியானோக்காரர் வந்தார். கையில் ஷூ பை. கதவம்மா முத்திரையை எடுக்கவே இல்லை. எழுந்து, அவரை வெளியே கூட்டிப்போய், ஒரு நிமிஷத்தில் தனியாகத் திரும்பி வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். உள்ளே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. முகவரி தவறிப்போய்விட்டதோ என்பது போலப் பார்த்தார்.

அம்மாவும் பார்த்தாள். அந்த நேரம் அவள் நாற்காலியில்தான் இருந்தாள். குனிந்து ஷூ வாரைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது அந்த வார்.

திரும்பும் வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தாள்.

"அம்மா, அவர்..."

"இன்னும் நாலு வாரம். அப்புறம் நாம யாரோ, அவங்க யாரோ. அவருக்கு இந்த ஒரு இடந்தானா? வேற எங்கயாவது போயி ஆடுவாரு."

மே 17, வெள்ளி

அப்பா போன்.

"என்னடா, ஊரெல்லாம் சுத்திப் பாத்தியா? உங்கம்மா எங்கயாவது கூட்டிட்டுப் போறாளா, இல்ல துணியும் சாயமுமா கெடக்கறாளா?"

"கூட்டிட்டுப் போறாங்கப்பா."

அம்மா எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அவள் பயப்படுவது இதுதான் முதல் தடவை. பிடிக்கவில்லை. கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

மே 19, ஞாயிறு

கூடத்திலேயே நன்றாக ஆடுகிறவர் ஒரு பல் டாக்டர். அவர் பார்வை தன் மேல் விழவேண்டும் என்று ஐந்தாறு பெண்கள் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். அம்மாவும் முதல் நாளிலிருந்து. இன்றும் விழவில்லை. "இன்னிக்கி பாத்தாரு, பாத்தாரு, ஆனா தாண்டிப் போயிட்டாரு," என்று பஸ்ஸில் சிரித்தாள். முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் அழுவாள்.

அம்மா அழகாக இருக்கிறாள். இதையும் எழுதத்தான் வேண்டும். ஒருவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடி நடக்கும்போது, எனக்குத் தெரியாத யாரோ போல இருக்கிறாள். அப்பாவுக்கும் தெரியாத யாரோ. நான் சொன்ன பொய்தான் அவளை இங்கே ஆட வைக்கிறது.

மே 21, செவ்வாய்

கதவம்மா இன்று அறைக்கே வந்துவிட்டாள். நான் படிப்பதுபோலக் கட்டிலில். அவள் கையில் ஒரு கடிதம். அந்த ஆள் மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் போகிறார், எல்லாம் குழந்தைகள் இருக்கிற இடம், சொல்லாமல் விட்டால் பாவம் நம் தலையில், தாயார் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பெயர் வெளியே வராது. வியாழக்கிழமை மூன்று பள்ளிக்கும் அனுப்புகிறாளாம்.

கதவம்மா கெட்டவள் இல்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி, ஒன்றைத் தவிர.

அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார், பார், ஒரு தடவை திரும்பிப் பாரும்மா. போட்டாள். முழுப் பெயரையும் எழுதி, கீழே கோடு இழுத்து.

கதவம்மா போனதும் நான் கத்திவிட்டேன்.

"கத்தாத! பக்கத்து ரூமுக்குக் கேக்கும்."

"அவருக்கு வேல போயிடும்மா."

"போடலன்னா என்ன நெனப்பாங்க? உன்னத்தான் பொய்க்காரின்னு நெனப்பாங்க. போலீஸ்னு வந்தா பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்குவாங்க. கம்பெனிக்குத் தெரியும், உங்கப்பாவுக்குத் தெரியும். ஆரம்பிச்சது யாரு? நானா தலையாட்டினேன்?"



மே 22, புதன் – விடிந்தால் வியாழன்

சொல்லிவிட்டேன்.

பயந்துகொண்டேதான் போனேன். நாலு மணி, ஐந்து, ஆறு. ஒவ்வொரு அடுக்கும் முடியும்போது இப்போது எழுந்திருக்கலாம் என்று நினைப்பேன், அதற்குள் அடுத்த அடுக்கு தொடங்கிவிடும். கடிதம் கதவம்மாவின் கைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று உறை.

ஏழு மணிக்குப் பல் டாக்டர் அம்மாவைப் பார்த்தார். தாண்டிப் போகவில்லை. தலையசைத்தார்.

அம்மா எழுந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பாவாடை மடிப்பை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள், பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்ட சின்னப் பெண் போல.

முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. எல்லோரும் அவர்களையே பார்த்தார்கள். அம்மா இவ்வளவு நன்றாக ஆடுவாள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. எனக்கு அப்போதுதான் தோன்றியது – இந்த அடுக்கு முடிந்து அந்த முகத்தோடு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் நான் சொல்லவே மாட்டேன். எப்போதும் சொல்லமாட்டேன்.

எழுந்தேன். மேசையை நோக்கி நடந்தேன். டாக்டரின் தோளுக்கு மேலே அம்மாவின் கண் திறந்தது. என்னைப் பார்த்தாள். எங்கே போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள்.

கதவம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு விதி தெரியாது. நான் பொய்யாகத் தலையாட்டினேன். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த மூன்று வாக்கியம். கதவம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

இதற்கு நான் மனப்பாடம் பண்ணியிருக்கவில்லை. இந்தத் தடவை பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று ஒரு சொல். அம்மா தப்பித்திருப்பாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது அவளுக்கு.

மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதவம்மா ஆடுகிறவர்களுக்கு நடுவே குறுக்கே நடந்துபோனாள். அப்படி யாரும் போகவே கூடாது. டாக்டரின் தோளில் கை வைத்து, காதில் ஏதோ சொன்னாள். அவர் நின்றார். அம்மாவின் கையை விட்டார். லேசாகக் குனிந்தார். போய்விட்டார். நாற்காலிவரை கொண்டுவந்து விடுவதுதான் வழக்கம். விடவில்லை.

மற்ற ஜோடிகள் அம்மாவைச் சுற்றிக்கொண்டு போனார்கள், சாலை நடுவில் நிற்கிற தூணைச் சுற்றிப் போவது போல.

நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். கை சில்லென்று இருந்தது.

மே 23, வியாழன்

அம்மா தட்டை மேசையில் வைத்தாள், சத்தமில்லாமல்.

மே 26, ஞாயிறு

அம்மாவுக்குத் தெரியாமல் நான் மட்டும் கூடத்துக்குப் போனேன். பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லி. உள்ளே போவதற்காக இல்லை, பியானோக்காரர் வந்திருக்கிறாரா என்று பார்க்க. வந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேனா, ஓடியிருப்பேனா, தெரியாது.

கதவம்மா வாசலுக்கு வந்தாள். கடிதங்களைக் கிழித்துவிட்டாளாம். அவர் வீட்டுக்கே போய்த் தப்பு நடந்துவிட்டது, வாருங்கள் என்று கூப்பிட்டாளாம். அவர் சரி என்று மட்டும் சொன்னாராம். வருகிறேன் என்று சொல்லவில்லையாம்.

இன்னொன்றும் சொன்னாள். கடிதம் போகும் முன்பே யாரோ வாய்வழியாக ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகள் இல்லாத நேரத்தில் மட்டும் வந்தால் போதும் என்று அவர்கள் அவரிடம் சொல்லிவிட்டார்கள். இவள் போய் விளக்கியும் அவர்கள் மாற்றவில்லை. "எதுக்கும் ஜாக்கிரதையா இருந்துக்கறோம்" என்றார்களாம்.

கட்டிப்பிடிக்கவில்லை இந்தத் தடவை.

பால் வாங்க மறந்துபோய்த் திரும்பினேன். அம்மா கேட்கவும் இல்லை.

ஜூன் 1, சனி

பத்து நாளில் அம்மா என்னிடம் பேசியவை: சாப்பிடு. குடை எடு. விளக்கை அணை. அவ்வளவுதான். இயந்திரப் பயிற்சிக்கு மட்டும் போய்வருகிறாள். புதனும் ஞாயிறும் ஏழு மணிக்கே படுத்துக்கொள்கிறாள். தூங்குவதில்லை, எனக்குக் கேட்கும்.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டில். அப்பா விடுமுறையில் வந்திருக்கிறார். என் அறையில் தாழ்ப்பாள் இருக்கிறது. ஆனாலும் குளியலறையில்தான் எழுத வருகிறது.

காலையில் பத்து மணி ஆகியும் அம்மா கிளம்பவில்லை. அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "என்ன, யோகாவுக்கு முழுக்கா?"

"போதும்ங்க. அலுத்துப்போச்சு."

"அதான் சொன்னேன், இந்த வயசுல முட்டிய வளைக்காதன்னு. நம்ம வீட்டு வேலையே ஆயிரம் யோகா."

அம்மா சிரித்தாள். அவருக்காகச் சிரிக்கிற சிரிப்பு. துணிக் கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் கிளிப் டப்பாவோடு பின்னால் போனேன். போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். முறுக்கிப் பிழிந்தோம். தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது.

"இன்னும் ஒண்ணரை பாட்டுதானே இருந்துச்சு," என்றாள். கோபம் இல்லை. விலை கேட்கிற மாதிரி. "முடியட்டும்னு இருந்திருக்கக் கூடாதாடி?"

"இருந்திருந்தா சொல்லிருக்கவே மாட்டேம்மா."

போர்வையைக் கொடியில் போட்டாள். இழுத்து நேராக்கினாள். போர்வைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முகம் தெரியவில்லை.

"தெரியும்," என்றாள். "கண்ண மூடிக்கிட்டு அதத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன்."

கிளிப்புக்காகக் கை நீட்டினாள். கொடுத்தேன்.